புதுக்கோட்டைப் பெண்களும் மிதிவண்டியும்: துணிவு பிறந்த வரலாறு

நார்த்தாமலை என்றதும் வாசகர்களுக்கு மேலமலையின் விசயாலய சோழீச்சரமும், பன்னிரு திருமால் உருவங்கள் நிற்கும் சமணர் குடகும் நினைவுக்கு வரும். அவற்றின் அருகிலேயே பழியிலி ஈச்சரம் என்னும் சிறு குடைவரை உள்ளது. நிருபதுங்கவர்மனின் ஏழாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதைக் குடைவித்தவன் சாத்தன் பழியிலி என்றும், முகமண்டபமும் இடபமும் எடுப்பித்தவள் அவன் மகள் பழியிலி சிறியநங்கை என்றும் கூறுகிறது. கொடையளித்த பெண்ணின் பெயரை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கல்லில் பொறித்த மண் இது. ஆனால் வெட்டவெளியில் தன் உடலை இயக்கித் திறன் பழகும் பெண்ணை ஏற்க, நம் சமூகம் மேலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த ஏற்பு நிகழ்ந்த இடங்களுள் ஒன்றாகவும் இதே புதுக்கோட்டை மாவட்டம் அமைந்ததை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. தொண்டர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். பேருந்து எட்டாத சிற்றூர்களுக்கு இரவு வகுப்பு நடத்தச் சென்று திரும்புவதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இயக்கத்தின் பகுதியாக்கினார். பெண்கள் மிதிவண்டி வாங்க வங்கிகள் கடன் தரவும் வழிசெய்தார். 1992 உலக மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியொலித்து நகருக்குள் ஊர்வலமாக வந்தனர். ஒன்றரை ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் மிதிவண்டி பழகினர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். கல்லுடைக்கும் தொழிலாளர்களும் வயல் கூலிகளும் செவிலியரும் ஆசிரியைகளும் அவர்களுள் இருந்தனர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது பலர் ஆண்களுக்கான வண்டியையே வாங்கினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் கண்ட கூடுதல் பயன்.

கேலியும் வசையும் தொடக்கத்தில் மிகுந்தே இருந்தன. இவற்றை மீறித் திறன் எவ்வாறு கைவந்தது என்பதே நம் கேள்வி. மிதிவண்டிக்கு ஓர் இயல்பு உண்டு: வேகமிருந்தால் நிற்கும், வேகம் குறைந்தால் சாயும். அஞ்சுபவர் மெல்ல மிதிப்பார். மெல்ல மிதிப்பதனாலேயே விழுவார். விழுந்தவுடன் 'பெண்ணுக்கு இது வராது' என்ற ஊர்ச்சொல் மெய்ப்பட்டதுபோல் தோன்றும். அச்சம் தனக்குத் தானே சான்று தேடிக்கொள்ளும் விதம் இது. பையன்களும் இதே போல் விழுந்துதான் பழகுகிறார்கள். குரங்குப் பெடல் போட்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட சிறுவனிடம் 'உனக்கு வராது' என்று எவரும் சொல்வதில்லை.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பெண்கள் பந்தெறியும்போது முழு உடலையும் பயன்படுத்தாமல் ஒடுங்குவதை ஆராய்ந்தார். உடலின் இயற்கை அதற்குக் காரணமன்று. இடத்தைக் குறைவாக எடுத்துக்கொள்ளவும் காயத்துக்கு அஞ்சவும் சிறுவயது முதல் பெறும் பழக்கமே காரணம் என்பது அவர் முடிவு. தன்னால் இயலும் என்னும் நம்பிக்கை, தானே செய்து வென்ற அனுபவத்திலிருந்தும், தன்னையொத்தவர் செய்வதைக் காண்பதிலிருந்தும் பிறக்கிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கினார். புதுக்கோட்டையில் இவ்விரண்டும் சேர்ந்தே வாய்த்தன. தனியொருத்தி விழுந்தால் அது நகைப்பு. ஊர்ப்பெண்கள் அனைவரும் விழுந்தெழுந்தால் அது பாடம். துணிவு வந்த பின் பழகலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பழகப் பழகத் துணிவு வந்தது.

ஆயினும் கதை அங்கே நிறைவடையவில்லை. இம்மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்திரராஜன், 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணங்காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. பின்னர் அவர் பயிற்றுநராகி, ஏழைப் பிள்ளைகளை ஓடப் பழக்கினார். திறனில்லை என்று பெண்ணை ஒதுக்கிய உலகம், திறன் மிகுந்தபோது பெண்தானா என்று ஐயுற்றது. இரண்டும் ஒரே முன்முடிவின் இரு முகங்கள் என்றே நாம் கருதுகிறோம்.

இன்று புதுக்கோட்டைச் சாலையில் ஒரு பெண் மிதிவண்டியில் சென்றால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வியப்பின்மையே 1992இன் வெற்றி. ஆனால் பள்ளி ஆடுகளங்களைச் சற்றே நோக்குவோம். மைதானத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் பையன்களுக்கு. ஓரத்து மரநிழல் மாணவியருக்கு. 'அவர்களுக்கு ஆர்வமில்லை' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பழகாத ஒன்றில் எவருக்கு ஆர்வம் பிறக்கும்? பயிற்சி நேரத்தில் பாதியும், மைதானத்தின் நடுவும், அஞ்சாமல் தவறு செய்யும் உரிமையும் மாணவியருக்குக் கிடைக்கட்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுத்தறியத் தொடங்கிய தாய்மார்களுக்கு நாம் கொடுக்க முடிந்ததை, அவர்தம் பேத்தியருக்கு மறுப்பது எவ்வகையிலும் முறையாகாது.