மணிக்கு 30 சென்ட்: வானத்தை அளக்க வழி சொன்னவர்

ஒரு நட்சத்திரம் மங்கலா தெரியுது. அது ரொம்ப தூரத்துல இருக்கா, இல்ல வெளிச்சமே கம்மியா?

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஹென்ரியட்டா லெவிட். ஹார்வர்ட் வானாய்வகத்தில் மணிக்கு 30 சென்ட் சம்பளம். கண்ணாடித் தகடுகளில் பதிந்த நட்சத்திரங்களின் ஒளியை அளக்கும் வேலை. சிறிய மெகல்லன் மேகத்துல, ஒளி கூடிக் குறையும் 25 நட்சத்திரங்களை ஒப்பிட்டாங்க. எல்லாமே நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம். எது மெதுவா கூடிக் குறையுதோ, அதுக்குத்தான் பிரகாசம் அதிகம்! 1912-ல் இது வெளியாச்சு. இனி நாளை எண்ணினா அசல் வெளிச்சத்தைக் கணிக்கலாம், அதுலேர்ந்து தூரத்தையும்.

1923-ல் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமெடாவில் அப்படி ஒரு நட்சத்திரத்தைப் பிடிச்சு, லெவிட் வழியில் கணக்குப் போட்டார். அது பால்வெளிக்கு வெளியே இருக்கிற தனி கேலக்ஸி!

அதைக் கேட்க லெவிட் இல்ல. 1921-லயே இறந்துட்டாங்க.