உடையே பையாகும்போது: மடி, தலைப்பு, பொட்டளி

சட்டன் நகரத்துக் கடைத்தெரு ஒரு சரிவு. ரயில் நிலையம் மேட்டில் இருக்கிறது, கடைகள் பள்ளத்தை நோக்கி இறங்கிச் செல்கின்றன. சாமான் வாங்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு இறங்கிச் சுமையோடு ஏறவேண்டும். 2016 இலையுதிர் காலத்தில் ஒருநாள் அம்மாவும் என் மகளும் நானும் அப்படி ஏறிவரும்போது மழை பிடித்துக்கொண்டது. கையிலிருந்த கடதாசிப் பை நனைந்து அடி விட்டுப்போனது. வெங்காயமும் தேசிக்காயும் தெருவில் உருண்டன.

நானும் மகளும் அவற்றை ஓடி ஓடிப் பொறுக்கினோம். அம்மா ஓடவில்லை. குளிர்கோட்டின் பொத்தானைக் கழற்றி, சீலைத் தலைப்பை வெளியே இழுத்து, இரண்டு மூலைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இதுக்கை போடுங்கோ" என்றார். வீடு வரும்வரை இரண்டு கிலோ வெங்காயம் அந்தத் தலைப்பில்தான் வந்தது.

மகள் போட்டிருந்தது, மடித்து அதன் சொந்தப் பொக்கற்றுக்குள்ளேயே அடக்கி ஸிப் போட்டுவிடக்கூடிய மழை ஜக்கெற். அதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கியது. அவள் அம்மம்மாவைப் பார்த்து, "உங்கடை உடுப்பும் பையா மாறுமா?" என்று கேட்டாள். அம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "மாறுறதோ? சீலை சீலைதானே" என்றார்.

அந்த இரண்டு வரி உரையாடல்தான் இக்கட்டுரைக்குக் காரணம். உடையைப் பையாகப் பயன்படுத்துவதை மூன்று வகையாகப் பிரிக்கலாம். உடுத்தபடியே உடையின் ஒரு பகுதி பையாவது முதல் வகை. உடலிலிருந்து எடுத்த துணி பையாவது இரண்டாவது. உடை தனக்குள்ளேயே மடங்கிப் பையாவது மூன்றாவது. முதல் இரண்டும் நம்மவர்க்குப் பழையன. மூன்றாவது கடைக்குப் புதியது.

மடி

தமிழில் மடி என்ற சொல்லைக் கவனியுங்கள். மடிப்பதும் மடி. குழந்தை அமரும் இடமும் மடி. பசுவின் பால் சுரக்கும் பையும் மடி. இடுப்பில் துணியை மடித்து உண்டாக்கும் பையும் மடி. வேட்டியின் மேல்விளிம்பை இடுப்பில் ஓரிரு சுற்றுச் சுருட்டிச் செருகினால் அதற்குள் காசு, வெற்றிலை, சாவி எல்லாம் நிற்கும். சீலையின் கீழ்க்கரையில் இரண்டு இடங்களைத் தூக்கி இடுப்பில் செருகினால் வயிற்றுக்கு முன்னால் ஒரு தொட்டி உண்டாகும். தமிழ்நாட்டில் பருத்தி எடுக்கும் பெண்களும், விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிக்கும் பெண்களும் மடி கட்டிக்கொள்வது இப்படித்தான். சேதம் ஆகாமலிருக்கத் தனியாக ஒரு பழைய துணியை இடுப்பில் கட்டுவோரும் உண்டு. இரண்டு கையும் வேலைக்கு விடுபடுவதுதான் இதன் பயன். கூடை ஒரு கையைக் கேட்கும், மடி கேட்காது.

பழமொழிகளும் இதைப் பதிந்து வைத்திருக்கின்றன. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்கிறோம். அந்தக் கனம் மனச்சாட்சிக்கு உவமையாவதற்கு முன்னர், உண்மையாகவே இடுப்புத் துணியில் கட்டிய பணம். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பவரும் பையில்லாமல்தான் பூனையைக் கொண்டு போகிறார். மடிப்பிச்சை என்ற சொல், பாத்திரம்கூட இல்லாதவர் உடுத்த துணியையே ஏந்தி நிற்பதைக் குறிக்கிறது.

தலைப்பு, சால்வை, சாரம்

சீலைத் தலைப்பு (தமிழ்நாட்டில் முந்தானை) இரண்டு அளவில் பையாகிறது. சிறியது முடிச்சு. மூலையில் சில்லறையையோ திறப்பையோ வைத்து முடிந்து இடுப்பில் செருகுவது. பெரியது, என் அம்மா செய்ததைப்போல மூலைகளைச் சேர்த்து ஏந்துவது.

ஆண்களின் சால்வை அல்லது துண்டு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. விரித்து, நடுவில் பொருளை வைத்து, எதிரெதிர் மூலைகளை முடிந்தால் பொட்டளி. அதே துண்டைச் சுருட்டி வளையமாக்கித் தலையில் வைத்தால், சுமைக்கு அடியில் வைக்கும் சும்மாடு. சாரம் ஏற்கெனவே குழாயாக மூட்டப்பட்டது, ஒரு வாயை இறுக்கிக் கட்டினால் சாக்கு. எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.6 மீற்றர் நீளம். இரண்டு முனைகளிலும் பொட்டளி கட்டி நடுவைத் தோளில் போட்டால் காவடிபோல முன்னும் பின்னும் சுமை சமனாகும். அதே துணியை வளையில் கட்டித் தொங்கவிட்டால் ஏணை. பிள்ளையைக் கிடத்துவதும் அரிசியைச் சுமப்பதும் துணிக்கு ஒரே வேலைதான்.

துணி எப்படித் தாங்குகிறது?

நெய்த துணியில் பாவு நீளவாட்டிலும் ஊடை குறுக்கிலும் ஓடுகின்றன. இந்த இரண்டு திசைகளிலும் இழுத்தால் துணி அதிகம் நீளாது. மூலைக்கு மூலை இழுத்தால், நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து திரும்புவதால், துணி நீண்டு கொடுக்கும். எனவே மூலைகளைப் பிடித்துத் தூக்கும்போது தட்டையான துணி தானாகவே கிண்ணம்போலக் குழிந்து பொருளை அணைத்துக்கொள்கிறது.

பருத்தி நூலுக்கு இன்னொரு குணம் உண்டு. நனைந்தால் அதன் பலம் கூடும். கடதாசி நனைந்தால் குலைந்துவிடும். செயற்கைப் பட்டு எனப்படும் விஸ்கோஸ்கூட ஈரத்தில் பலம் இழக்கும். சட்டன் மழையில் பை கிழிந்ததும் சீலை தாங்கியதும் தற்செயல் அல்ல.

முடிச்சிலும் கவனம் வேண்டும். வலது முனையை இடதின்மேல் போட்டு ஒருமுறை முடிந்தால், அடுத்தமுறை இடதை வலதின்மேல் போடவேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமாக முடிந்தால் பாரம் ஏற வழுக்கும். பருத்தி முடிச்சைப் பிடித்து வைக்கும், நைலோன் நழுவும்.

மற்ற நாடுகளில்

இது நமக்கு மட்டும் உரிய வித்தை அல்ல. தைக்காத துணியை உடுத்த இடமெல்லாம் இது இருந்தது. பழைய ரோமானியர் தோகா என்ற ஆடையின் மார்புப் பக்க மடிப்பில் பொருட்களை வைத்தார்கள். ஸ்கொட்லாந்து மலைநாட்டவர் இடுப்புப் பட்டியால் கட்டிய நீண்ட கம்பளித் துணி பகலில் உடையாகவும் இரவில் போர்வையாகவும் இருந்தது. அதன் மேல்பகுதி மடிப்புகள் பையாக உதவின. 1745 கிளர்ச்சிக்குப் பின் 1746 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அந்த உடையைத் தடைசெய்தது, 1782 இல்தான் தடை நீங்கியது.

யப்பானில் ஃபுரோஷிகி என்ற சதுரத் துணி உண்டு. பொதுக் குளியலறைக்குப் போகிறவர்கள் உடைகளைச் சுற்றிவைக்கப் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. 2006 இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சர் யுரிகோ கோய்கே, பிளாஸ்ரிக் பைகளுக்கு மாற்றாக, பழைய போத்தல்களிலிருந்து செய்த ஃபுரோஷிகியை முன்வைத்துப் பிரசாரம் செய்தார்.

தையல் வந்தது, பொக்கற் வந்தது

துணியை வெட்டி உடலின் வடிவுக்குத் தைக்கத் தொடங்கியதும் மடிப்பு மறைகிறது. பொருள் வைக்க வேறு இடம் வேண்டியதாகிறது. இங்கிலாந்துப் பெண்கள் 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை நாடாவில் கோத்த தனிப் பையைப் பாவாடைக்குள் இடுப்பில் கட்டியிருந்தார்கள். நம் பாட்டிமாரின் சுருக்குப்பைக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். லூசி லொக்கெற் என்பவள் பொக்கற்றைத் தொலைத்ததாகப் பிள்ளைகள் பாடுவது விளங்காமலிருந்தது எனக்கு. தனியாகக் கட்டிய பை என்று அறிந்த பின்னர்தான் விளங்கியது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெல்லிய ஒடுங்கிய ஆடைகள் வழக்கத்துக்கு வர, பை வெளியே வந்து கையில் தொங்கியது. இன்றைய கைப்பையின் தொடக்கம் இது.

பையும் உடையும் இப்படிப் பிரிந்த பிறகு அவற்றை மறுபடி ஒன்றாக்குவது ஒரு வியாபாரமாயிற்று. 1965 இல் பாரிசில் தொடங்கிய கே-வே நிறுவனத்தின் மழை ஜக்கெற் தன் பொக்கற்றுக்குள் மடங்கி இடுப்பில் கட்டக்கூடியதாக வந்தது. மலிவு விமான நிறுவனங்கள் பைக்குக் கட்டணம் அறவிடத் தொடங்கியபின், 2010களின் தொடக்கத்தில், பையாக விரிந்து மடங்கும் ஜக்டோகோ போன்ற கோட்டுகள் விற்பனைக்கு வந்தன. உடுத்திருப்பதற்கு நிறை பார்ப்பதில்லை என்பதே அவற்றின் சூட்சுமம். கொழும்புக்கும் சென்னைக்கும் போகும் எம்மவர், பெட்டி நிறை கூடிவிட்டால் மூன்று உடுப்பை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

1995, 2009

இதுவரை சொன்னது வசதியைப் பற்றி. வேறு ஒன்றும் உண்டு.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி வெளியேறியது. நாவற்குழிப் பாலம் கடக்க, சிலநூறு யார் தூரத்துக்கு, பல மணிநேரம் எடுத்தது. மழையும் பெய்தது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பயணப் பெட்டி, அதைத் தூக்கிக்கொண்டு அந்த நெரிசலில் நடக்க முடியாது. அப்பாவின் எட்டு முழ வேட்டியின் ஒரு முனையில் அரிசியும் பருப்பும், மறுமுனையில் பிள்ளைகளின் உடுப்பு. அம்மாவின் மடியில் காணி உறுதியும் அடையாள அட்டைகளும் தாலிக்கொடியும். மூன்று நாளாக அம்மா அந்த மடியை அவிழ்க்கவில்லை. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வாங்கில் அந்த வேட்டியை அவிழ்த்துப் பிழிந்து காயப்போட்டு, அன்றிரவு அதையே விரித்துப் படுத்தோம்.

2009 இன் முதல் மாதங்களில் வன்னியில் நடந்தது இன்னும் கொடியது. மாத்தளன், முள்ளிவாய்க்கால் கரையோர மணலில் பதுங்குகுழி வெட்டினால் ஓரம் சரிந்துவிடும். மண்மூட்டை அடுக்கவேண்டும், ஆனால் சாக்கு இல்லை. பெண்கள் சீலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பினார்கள். நூல்சீலைக்குப் பிறகு பட்டும், பட்டுக்குப் பிறகு கூறைச்சீலையும் போயின. அந்த நாட்களின் படங்களில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அடுக்கப்பட்டிருப்பவை அவைதான். அந்த ஏப்ரலில் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்துப் போராட்டத்துக்குப் போய்விட்டு நான் வீடு வந்தபோது அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். ஒரு பையின் சரிகைக் கரையைக் காட்டி, "அது கூறை, பிள்ளை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இன்று

இங்கிலாந்தில் 2015 ஒக்டோபர் 5 முதல் பெரிய கடைகள் பிளாஸ்ரிக் பைக்கு 5 பென்ஸ் அறவிட்டன. 2021 மே 21 முதல் எல்லாக் கடைகளுக்கும் அது 10 பென்ஸ் ஆனது. இலங்கையில் 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து உயிர்கள் போனபின், அவ்வாண்டு செப்ரெம்பர் 1 முதல் மெல்லிய பொலித்தீனுக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்ரிக் தடைசெய்யப்பட்டது. 2021 டிசம்பர் 23 அன்று "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கியது. ஒருகாலத்தில் நாட்டுப்புறத்தான் என்று கேலிசெய்ய உதவிய பை அது!

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்கு ஓர் எளிய முறை. பழைய ரீசேட் ஒன்றின் இரண்டு கைகளையும் தையலோடு வெட்டிவிடுங்கள். கழுத்தை அகலமாக வெட்டுங்கள். தோள்பட்டைகள் இரண்டும் இப்போது கைப்பிடி. உட்புறம் வெளியே வரத் திருப்பி, கீழ்விளிம்பை மூன்று அங்குல உயரத்துக்குக் கீலங்களாக வெட்டி, முன்கீலத்தைப் பின்கீலத்தோடு இரட்டை முடிச்சாக முடியுங்கள். மறுபடி திருப்பினால் பை. ரீசேட் நெய்ததல்ல, பின்னியது. ஆகவே பாரம் ஏற நீளும். கைப்பிடி கட்டையாக இருப்பதே நல்லது.

இதை முதலில் செய்தவள் என் மகள். அந்த உற்சாகத்தில், அம்மம்மாவின் பழைய நூல்சீலை ஒன்றையும் வெட்டிப் பைகள் தைக்கலாமா என்று கேட்டாள். அம்மா உடனே தடுத்தார். "கிழியாத சீலையை வெட்டாதை. வெட்டினால் அது பை மட்டும்தான்."

அம்மா காலமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சீலை வெட்டப்படாமல் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் உள்ள சொற்களில் பாதி அவர் வாயிலிருந்து கேட்டவை. பொட்டளி என்றால் என்னவென்று என் மகளுக்குத் தெரியும், அவள் நண்பர்களுக்குத் தெரியாது. உங்கள் ஊரில் இதற்கெல்லாம் வேறு சொற்கள் இருக்கும், கட்டும் முறைகளும் வேறாக இருக்கும். வீட்டில் முதியவர்கள் இருந்தால் ஒரு துணியைக் கையில் கொடுத்துக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். சொல்லையும் சேர்த்து எழுதிவையுங்கள்.