மியூசியம் ஆன ஸ்டேஷனும் ஆகாத ஸ்டேஷனும்

எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. 2019-ல் மாவட்டத் தலைநகராகவே ஆகிவிட்டது. ஆனால் நான் வளர்ந்த காலத்தில் ஊருக்குள் ரயில் கிடையாது. ரயிலேறணும்னா பஸ் பிடிச்சு சின்னசேலம் போகணும். சின்னசேலத்திலிருந்து எங்க ஊருக்குப் புதுப்பாதை போடும் வேலை பல வருஷமா இழுத்துச்சு. அதனாலோ என்னவோ, பழைய ஸ்டேஷன் எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரு ஏக்கம். இன்னிக்கு ரெண்டு ஸ்டேஷனோட கதை.

முதலாவது, இங்கிலாந்தில் மான்செஸ்டரில் உள்ள லிவர்பூல் ரோடு ஸ்டேஷன். 1830 செப்டம்பர் 15 அன்று லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை திறந்தது. ரெண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே, முழுக்க நீராவி இன்ஜினை நம்பி, டைம்டேபிள் போட்டு ஓடிய முதல் ரயில் இதுதான். முதல் நாளே விபத்து. வில்லியம் ஹஸ்கிஸன் என்ற எம்.பி. வழியில் இறங்கி நின்றபோது, ராக்கெட் இன்ஜின் மோதி அன்றிரவே இறந்துபோனார்.

ஸ்டேஷன்னா எப்படி இருக்கணும்னு அப்போ யாருக்கும் தெரியாது. அதனால் வசதியானவர் வீடு மாதிரியே ஒரு கட்டடம் கட்டினார்கள். முதல் வகுப்புக்கு ஒரு வாசல், இரண்டாம் வகுப்புக்குத் தனி வாசல். எதிரே இருந்த கிடங்கில் பஞ்சு மூட்டைகள் இறங்கின. அதில் பெரும்பங்கு, அமெரிக்காவில் அடிமைகள் விளைவித்த பஞ்சு. அதை நெய்த மான்செஸ்டர் துணிதான் கப்பலேறி வந்து நம்ம ஊர்த் தறிகளோடு போட்டி போட்டது. ஆக, நமக்கும் அந்த ஸ்டேஷனுக்கும் சம்பந்தம் இல்லாம இல்லை.

1844-லேயே பயணிகள் ரயில் வேறு ஸ்டேஷனுக்கு மாறிவிட்டது. பயணிகள் வந்துபோனது வெறும் 14 வருஷம். அதன்பிறகு 1975 வரை சரக்கு மட்டும்தான். 1978-ல் அங்குள்ள கவுன்சில் அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. 1983-ல் மியூசியம் ஆனது.

இப்போ நம்ம ராயபுரத்துக்கு வருவோம். 1856 ஜூலை 1. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853-ல் பம்பாய்க்கும் தானேவுக்கும் நடுவே ஓடியது. ஆனால் அந்தப் பழைய ஸ்டேஷன்கள் இன்று இல்லை. அதனால் இந்தியாவில் இன்னும் நிற்கும் மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம் ராயபுரம்தான்.

1873-ல் சென்ட்ரல் வந்த பிறகு ராயபுரத்தின் மவுசு குறைய ஆரம்பிச்சது. 2005-ல் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். இதை மியூசியம் ஆக்கணும்னு ஒரு பக்கம் பேச்சு. பெரிய டெர்மினல் ஆக்கணும்னு இன்னொரு பக்கம் கோரிக்கை.

நானும் ரொம்ப நாள் மியூசியம் கட்சிதான். இந்த எபிசோடுக்காகப் படிச்சப்போ மனசு மாறிடுச்சு. லிவர்பூல் ரோட்டைக் காப்பாத்தினது மியூசியம் மட்டும் இல்லை. 1975 வரைக்கும் யாருக்கோ அது பயன்பட்டுக்கிட்டே இருந்தது. சும்மா கிடந்திருந்தால் எப்பவோ இடிச்சிருப்பாங்க. ராயபுரத்தில் இன்னமும் லோக்கல் ரயில் நிற்குது. ரயில் தொடர்ந்து நிற்கட்டும், பழைய கட்டடத்தில் கை வைக்காமல் அதற்குள் அதன் கதையைச் சொல்லட்டும். ரெண்டும் சேர்ந்தே நடக்கலாமே?

ஆனால் கதையை முழுசா சொல்லணும். எங்க ஊருக்கு மேற்கே இருக்கும் கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. ராயபுரத்தில் ரயில் ஓடி 120 வருஷம் கழிச்சுதான் அந்த மலை மக்கள் நேரடியாக அரசு நிர்வாகத்துக்குக் கீழே வந்தார்கள். மான்செஸ்டரில் ரெண்டு வாசல் வெச்சாங்க, இவங்களுக்கு எந்த வாசலும் இல்லை. ஸ்டேஷன் மியூசியத்தில் இன்ஜினும் மணியும் மட்டும் இருந்தால் போதாது. யார் ஏறினாங்க, யாரால் ஏற முடியலைங்கறதும் அங்கே இருக்கணும்.

சென்னையில் இருக்கீங்களா? இந்த ஞாயிற்றுக்கிழமை பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிங்க. அடுத்த ஸ்டேஷனே ராயபுரம். இறங்கி அந்தத் தூண்களை ஒருதரம் நிதானமா பாருங்க.