அம்மைகுத்தி மகன்

ஊரில் எனக்குப் பேர் ‘அம்மைகுத்தி மவன்’. அப்பா சுகாதாரத் துறையில் வாக்சினேட்டர். தஞ்சாவூர் ஜில்லாவில் அவர் சைக்கிள் தெருமுனை திரும்பினால் போதும், பிள்ளைகள் வைக்கோல்போருக்குப் பின்னால் போய்ப் பதுங்கும். பதுங்காமல் என்ன செய்யும்? அன்றைய கருவி அப்படி. ஒரு தண்டு, அதன் நுனியில் பல் வைத்த சின்ன வட்டு. கையில் அம்மைப்பாலைத் தொட்டு வைத்து, அதன்மேல் வட்டை அழுத்தித் திருக வேண்டும். இருமுனை ஊசி வந்தது பிறகுதான்.

அம்மைப்பால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வரும். சென்னை மாகாண சானிட்டரி கமிஷனராக இருந்த கர்னல் கிங் பெயரில் 1899-இல் ஏற்பட்ட நிலையம். கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்து எடுத்த மருந்து அது. இந்தக் கன்றுக்குட்டி சமாசாரத்தை மட்டும் அப்பா எந்த வீட்டிலும் வாய்திறந்து சொன்னதில்லை.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய சட்டப் புத்தகம் கிடந்தது: 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவிலேயே இப்படியொரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். ராஜாஜி மந்திரிசபையில் சுகாதாரத்தைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். கிணறு, சாக்கடை, சந்தை, திருவிழாக் கூட்டம், தொற்று கண்ட வீடு எல்லாம் அதில் உண்டு. தொற்றுநோய் கண்டால் தகவல் தர வேண்டும் என்றும் உண்டு. யார் வந்து தந்தார்கள்? ‘ஆத்தா வந்திருக்கா’ என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆனால் வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அப்பாவுக்கு அதுதான் நோட்டீஸ். அந்த வீட்டை விட்டுவிட்டு, சுற்றியுள்ள வீடுகளில் குத்த ஆரம்பிப்பார். வேப்பிலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். சட்டத்தைக் காட்டி மிரட்டிய வேறு சிலருக்குக் கதவே திறக்கவில்லை என்பார்.

1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. ஊரே நிம்மதியானபோது எங்கள் வீட்டில் கவலை. அம்மை போனால் அம்மைகுத்திக்கு என்ன வேலை? அதற்கு முன்பே, 1973-இல், கர்த்தார் சிங் குழு வழி சொல்லியிருந்தது: மலேரியாவுக்கு ஒருவர், அம்மைக்கு ஒருவர் என்றில்லாமல் எல்லோரும் பல்நோக்குப் பணியாளர். ஐம்பதைத் தாண்டிய அப்பா, கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவப் பழகினார். முதல் விரல் என்னுடையது.

நான் சுகாதார ஆய்வாளரானேன். பிளீச்சிங் பவுடர் வாடை என் சட்டையிலிருந்து போனதே இல்லை, என் மனைவிக்குத் தெரியும். மற்ற மாநிலங்கள் பலவற்றில் பொதுச் சுகாதாரத்தை ஆஸ்பத்திரி நிர்வாகத்தோடு சேர்த்துக் கரைத்துவிட்டார்கள். தமிழ்நாடு தனி இயக்குநரகத்தை விடவில்லை. காகிதத்தில் பார்த்தால் வெறும் நிர்வாக விஷயம். அதன் அருமை எனக்குப் புரிந்தது 2004 டிசம்பரில், நாகப்பட்டினத்தில்.

சுனாமிக்குப் பிறகு வெளிமாவட்ட ஆட்களை அணி அணியாக அங்கே அனுப்பினார்கள். நானும் போனேன். வைத்தியம் பார்க்க டாக்டர்கள் இருந்தார்கள். எங்களுக்குத் தண்ணீரும் கக்கூசும் ஈயும். காலையில் தொட்டி தொட்டியாகக் குளோரின் கலப்பது, பிறகு குழாய்க் குழாயாகப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் மறுபடி தொட்டிக்கு. பயந்தபடி காலராவோ வேறு கொள்ளைநோயோ அங்கே கிளம்பவில்லை.

முகாமில் பிள்ளைகளுக்குத் தட்டம்மை ஊசி போட நர்சம்மா உட்கார்ந்திருந்தார். வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கிழவி, தண்ணீர்க் குடத்தோடு.

“தண்ணி ஒரே மருந்து நாத்தம் தம்பி.”

“நாறட்டும் ஆத்தா. நாத்தம் இல்லேன்னாதான் என்கிட்ட சொல்லணும்.”

அவள் ஊசிப் பெட்டியைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள். வட்டமாக இரண்டு தழும்பு.

“எனக்கு அப்பவே குத்தியாச்சு. சைக்கிள்ல ஒருத்தன் வருவான், பாவி.”