கூண்டிலே ஒரு பாலகன்

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு. கன்றின்மீது மகன் தேர் ஏறிற்று. மகன்மீது தந்தையின் தேர் ஏறிற்று. நீதியின் சிகரம் என்று புராணம் போற்றுகிறது! வேண்டுமென்றா செய்தான் அந்த இளவரசன்? துள்ளி வந்த கன்றைக் கண்டானா, காணவில்லையா? கேட்டார் எவருமில்லை. செயலைப் பார்த்தனர், செய்தவனைப் பார்க்கவில்லை. செய்தவன் வயதென்ன, மனமென்ன என்று கேட்க நீதிக்கு நெடுங்காலம் பிடித்தது, தோழர்களே!

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் அதை அரைகுறையாகக் கேட்டது. 7 வயது நிரம்பாத குழந்தையின் செயல் குற்றமாகாது என்றது. 7க்கு மேல் 12க்குள் இருப்பவனுக்கு விளைவை உணரும் பக்குவம் உண்டா என்று பார்க்கச் சொன்னது. 12ஐத் தாண்டியவனுக்கு? பெரியவர்களுக்குள்ள அதே சிறை! களவிலே கைதேர்ந்தவன் பக்கத்துப் பாயிலே படுத்திருக்க, பாலகன் கற்கும் பாடம் எதுவென்று விளக்கவும் வேண்டுமோ? அந்தக் கேடு கண்டு 1876இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் பிறந்தது. 1887இல் செங்கற்பட்டிலே அத்தகைய பள்ளி ஒன்று எழுந்தது.

1899இல் அமெரிக்காவின் சிகாகோ நகரம் சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் கண்டது. ஆலைகளும் சேரிகளும் அடுத்தடுத்து வளர்ந்த நகரம் அது. தண்டிப்பதன்று, திருத்துவதே நோக்கம் என்ற கருத்து கடல் கடந்து பரவிற்று. இங்கே 1919-20இல் ஆராய்ந்த சிறைக் குழுவும் சிறுவரைச் சிறைக்கு அனுப்பாதீர் என்றே கூறிற்று. 1920இல் சென்னை மாகாணம் சிறுவர் சட்டம் இயற்றியது, இந்தியாவிலேயே முதலாவது! வங்காளம் 1922இல், பம்பாய் 1924இல் பின்தொடர்ந்தன. நாம் பெருமைப்படத்தக்க செய்திதான். ஆனால் நம் பள்ளிப் புத்தகங்களிலே போர்க்களத் தேதிகளுக்குக் கிடைக்கும் இடம் இதற்கு ஏது?

இந்த வழக்குகளெல்லாம் ஏன் நகரத்திலே குவிகின்றன? நகரத்துக் காற்றிலே களவு கலந்திருக்கிறதா? வரதராஜன்பேட்டைப் பக்கத்து முந்திரித் தோப்பிலே ஒரு சிறுவன் கொட்டை பொறுக்கி மடியிலே கட்டிக்கொண்டால், தோப்புக்காரர் காதைத் திருகுவார், தாயிடம் சொல்வார், அத்தோடு முடியும். அதே சிறுவன் பிழைப்புத் தேடி அரியலூரில் ரயிலேறி எழும்பூரில் இறங்குகிறான். அங்கே அவன் காதைத் திருக உரிமையுள்ளவர் எவருமில்லை. அவனுக்காகப் பேச வாயுள்ளவரும் எவருமில்லை. கடையிலே கை வைத்தால் காவல் நிலையம், அடுத்து வழக்கு! பங்களா வீட்டுப் பிள்ளை அதையே செய்தால் "விளையாட்டுப் புத்தி" என்று வக்கீல் வருவார். குடிசைப் பிள்ளை செய்தாலோ குலத்தையே இழுப்பார்கள். குலத்தையே குற்றமாக்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் பிறந்த நாடல்லவா இது!

சட்டம் பின்னர் வளர்ந்தது. 1986இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம். ஆணுக்கு 16, பெண்ணுக்கு 18 வயது எல்லை. 2000இல் இருபாலர்க்கும் 18. நீதித்துறை நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அமரும் வாரியம் மாவட்டந்தோறும் வந்தது. 2012இல் தில்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையில் 17 வயதினன் ஒருவனும் இருந்தான். நாடு கொதித்தது, கொதிப்பு நியாயமானதே. ஆனால் கொதிப்பில் எழுதிய 2015ஆம் ஆண்டுச் சட்டம், கொடுங்குற்றமெனில் 16 நிரம்பியவனையும் பெரியவனாகவே விசாரிக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்தது. அவனுடைய மனப்பக்குவத்தை வாரியம் முதலில் மதிப்பிட வேண்டுமாம். மூன்று மாதங்களுக்குள் மனத்தை அளக்கும் அந்த முழக்கோல் எந்தக் கடையில் கிடைக்கும்?

1887இல் பள்ளி எழுந்த அதே செங்கற்பட்டிலே, அரசுக் கூர்நோக்கு இல்லத்திலே, 2022 டிசம்பர் இறுதியில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அடித்தார்கள் என்று இல்லத்துப் பணியாளர்களே கைதாயினர். முன்னாள் நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2023 நவம்பரில் அறிக்கை முதலமைச்சரிடம் சேர்ந்தது. அந்தச் சிறுவன்மேல் சாட்டப்பட்டிருந்த குற்றம், ரயில்வே பேட்டரி திருடினான் என்பது.