சவ்வரிசியில் சாகு எங்கே?

மலேசியாவில், ஜொகூரின் பத்து பகாட் வட்டாரச் சதுப்பு நிலங்களில் வளரும் ஒரு பனை இனத்துக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் ரும்பியா. அதன் தண்டிலிருந்து எடுக்கும் மாவு சாகு. அந்தச் சாகுவோடு அரிசியைச் சேர்த்து நாம் ஆக்கிய சொல்தான் சவ்வரிசி. ஜவ்வு மாதிரி ஒட்டுவதால் ஜவ்வரிசி என்பார்கள். ஜாவா அரிசி என்பாரும் உண்டு. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. தெலுங்கில் இது சக்குபிய்யம், அங்கே ககரம் மெலிந்து ஒலிக்கும். பிய்யம் என்றால் அரிசி. மலையாளத்தில் சவ்வரி. தெலுங்கில் நின்ற ககரம் நம்மிடம் வகரமாயிற்று. 'போகும்' என்பதைப் 'போவும்' என்று பேசுகிறவர்கள்தானே நாம்.

ரும்பியா பத்துப் பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஒரே முறை பூத்து, பட்டுப்போகும். பூப்பதற்குச் சேமித்த மாவு தண்டுக்குள் நிறைந்திருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். பூத்துவிட்டால் மாவு கரைந்துவிடும். தண்டைப் பிளந்து, சோற்றைத் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து வடிகட்டினால், நார் மேலே நிற்க, வெள்ளை மாவு அடியில் படியும். ஒரு மரத்தில் நூறு கிலோவுக்கு மேலும் கிடைக்கும். ஈர மாவை உருட்டி வறுத்து மணியாக்கும் வேலையை 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் சீனப் பட்டறைகள் செய்தன. கப்பலேறி இங்கே வந்த அந்த மணிதான் நோயாளிக்குக் கஞ்சியானது.

1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த வரத்து அறுந்தது. மலாயாவில் சாகு செய்முறை தெரிந்திருந்த போபட்லால் ஷாவும் சேலத்து மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியாரும் கேரளத்தில் சந்தித்தார்கள். 1943இல் சேலத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி பிறந்தது. அதே ஆண்டுகளில், மலாயாத் தமிழர்கள் இன்றும் 'ஜப்பான்காரன் காலம்' என்று சொல்லும் நாள்களில், தோட்டத்துக் குடும்பங்கள் அதே மரவள்ளிக் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தன. அங்கே பசிக்கு உணவு, இங்கே புதுத் தொழில். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் சவ்வரிசியின் வரலாற்றை எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சேலத்துச் சவ்வரிசி ஆலையிலும் வேலை அதேதான்: கிழங்கைத் தோலுரித்து அரைத்து, திப்பியைப் பிரித்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளிய வைப்பார்கள். கிழங்கில் சயனைடு தரும் லினமாரின் பெரும்பாலும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். இந்திய உணவு விதிகள் பனை மாவு, மரவள்ளி மாவு இரண்டின் மணியையும் சாகு என்றே ஏற்றுக்கொண்டன. 2023இல் சேலம் சவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. நுண்ணோக்கியில் பனை மாவின் துகள் பெரிதாக, நீள்வட்டமாக, ஒரு முனை வெட்டினாற்போல் தெரியும். மரவள்ளித் துகள் சிறியது. மாவுச்சத்தின் கிளையற்ற சங்கிலியான அமைலோஸ், பனை மாவில் ஏறத்தாழ நூற்றில் 27 பங்கு. மரவள்ளியில் 17ஐ ஒட்டி. அமைலோஸ் கூடினால், வெந்து ஆறிய மாவில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் தப்பி, பெருங்குடல் நுண்ணுயிர்களுக்கு உணவாகும்; அவை அதைப் புளிக்கவைத்துக் குடற்சுவருக்கு வேண்டிய பியூட்டிரிக் அமிலத்தைத் தரும். ஆகவே ஒரு மாவில் கண்ட நன்மையை மற்றதன் மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது. ஜொகூர்க் கடைகளிலேயே 'சாகு' என்று விற்கும் பல பாக்கெட்டுகளின் பின்பக்கம் மரவள்ளி மாவு என்றுதான் அச்சாகியிருக்கிறது. உடலுக்கு நல்லது என்று நம்பி வாங்குகிறவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.