சாராயமும் விடியக்காலை வெட்கமும்

மலக்குழியில் இறங்குகிறவன் ஏன் குடிக்கிறான்? "நாத்தம் தெரியாம இருக்கத்தான்" என்று நம்ம சனங்களே சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மூக்குக்கு மட்டுமா அந்தச் சாராயம்? 'நீயெல்லாம் ஒரு ஆளா' என்று ஊர் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் பேசுகிறதே, அதன் வாயை அடைக்கவும்தான்.

அடைபடுவது கொஞ்ச நேரம். சாராயம் மூளையை அமர்த்துகிற சரக்கு. முதல் கிளாசில் பயம் விலகும், நெஞ்சு நிமிரும், ஆண்டையை 'டா' போட வாய் வரும். போதை இறங்கும்போது அமுங்கிக் கிடந்த மூளை எதிர்ப்பக்கம் துள்ளும். பாதி ராத்திரியில் முழிப்பு, படபடப்பு, காரணம் தெரியாத பயம். ஏற்கெனவே மனச்சோர்வில் கிடப்பவனுக்கு இது இன்னும் பாரம். "நான் இப்பிடித்தான், உருப்படமாட்டேன்" என்று தன்மேல் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான். அதைத் தாங்கமாட்டாமல் சாயங்காலம் மறுபடி கடை.

அமெரிக்காவில் சாண்ட்ரா பிரவுன், மார்க் ஷக்கிட் இருவரும் 1988இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குடிநோய்ச் சிகிச்சைக்கு வந்த ஆண்களில் 42 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது. நாலு வாரம் குடிக்காமல் இருந்தபின் 6 சதவீதம் பேருக்குத்தான். ஆக, அந்த விடியக்காலைத் தீர்ப்பில் பெரும்பங்கு சாராயம் எழுதியது. அவன் பிறவிக் குணம் அல்ல.

நம் சீர்திருத்தக்காரர்களோ அதைச் சாதிக் குணமாகவே பார்த்தார்கள். குடியை விடு, செத்த மாட்டுக்கறியை விடு, அப்புறம் கோயிலைப் பற்றிப் பேசலாம் என்பது அரிசன சேவைக்காரர்களின் உபதேசம். சர்க்கார் பார்த்ததோ கஜானாவை. 1886 சென்னை ஆப்காரிச் சட்டத்திலிருந்து சாராயம் வருமானக் கணக்கு. 1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு கொண்டுவந்தார். போன வருமானத்துக்கு ஈடாக 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுக்க மூடினார்கள். 1971இல் கருணாநிதி திறந்து 1974இல் மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983இல் டாஸ்மாக், 2003இல் சில்லறைக் கடையும் அரசாங்கத்தின் கையில். குடிக்கிறவன் மனசுக்கு வைத்தியம் என்ற பேச்சு இந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. (அவன் பெண்டாட்டி மனசைக் கேட்கவே வேண்டாம்.)

மனுசனைக் குழியில் இறக்குவது குற்றம் என்று 2013இல் சட்டம் வந்துவிட்டது. இறக்குகிற காண்டிராக்டர் இன்னும் முதலில் குவார்ட்டர் பாட்டிலைத்தான் நீட்டுகிறான். விஷவாயு அடித்துச் செத்தால், "குடிச்சிட்டு இறங்கிட்டாங்க சார்" என்பான்.